இடது முன்பக்கம்

பிள்ளையார்பட்டி விலக்கில் முதலில் வந்தது வாசனை.
பின்சீட்டுக்காரர்
யாரோ அப்பளம் சுடுகிறார்கள் என்றார்.
நான் ஒன்றும் சொல்லவில்லை.
அப்பளத்தில் இரும்பு நெடி அடிக்காது.

காரைக்குடி ஸ்டேஷனில் அவர்களை இறக்கிவிட்டு
சக்கரம் சக்கரமாய்க் குனிந்து
தொடாமல் உள்ளங்கையைக் காட்டினேன்,
தோசைக்கல் காய்ந்ததா என்று பார்ப்பதுபோல.
மூன்று சூடு.
இடது முன்பக்கம் கொதி.

கல்லல் ரோட்டில் எங்கள் கொட்டகை.
எங்கள் என்றால் எனக்கும் கொழுந்தன் முத்துராக்குக்கும்.
ஆர்சி புத்தகத்தில் என் பெயர்,
கடன் தாளில் இருவர் பெயர்,
ஐந்தாம் தேதி பேங்க் வாசலில் மறுபடி
என் பெயர் மட்டும்.

ராத்திரி ஒன்பதரை.
விடிய நாலு மணிக்குப் பள்ளத்தூர் சவாரி, மதுரை ஏர்போர்ட்.
பின்சக்கரத்துக்கு அண்டை கொடுத்தது
இடித்த வீடொன்றில் எடைக்கு வாங்கிய தேக்குத் துண்டு.
ரங்கூனில் கப்பலேறி வந்து
நூறு வருஷம் ஒரு மாடியைச் சுமந்தது.
இப்போது என் டிசையர் உருளாமல் பார்த்துக்கொள்கிறது.
அதற்கு வருத்தம் இருப்பதாய்த் தெரியவில்லை.

ஜாக்கியை நம்பாமல் ஸ்டாண்டும் வைத்தேன்.
காலிப்பரைக் கழற்றி,
ஹோஸில் தொங்கவிடாமல்
கட்டுக்கம்பியால் ஸ்பிரிங்கில் கட்டினேன்.
பேடு இரண்டையும் தரையில் வைத்தேன்.
உள்பக்கத்தது
வெற்றிலை கனம்.
வெளிப்பக்கத்தது தீபாவளிக்கு வாங்கியபடியே,
கம்பெனி எழுத்துகூட அழியாமல்.

சரிதான் என்று நினைத்தேன்.
ஒருத்தி தேய, ஒருத்தன் பளபளக்க.
வாய்விட்டும் சொல்லியிருப்பேன்,
கேட்க அந்தத் தெருநாய்தான் இருந்தது.

ஆனால் வெளிப்பேடு சோம்பேறி இல்லை.
அது தானாக வராது,
ஸ்லைடு பின் நகர்ந்தால்தான்
காலிப்பர் அதை இழுத்துக்கொண்டு வரும்.
மேல்பின் விரலுக்கே வழுக்கியது.
கீழ்ப்பின் அசையவில்லை.
எண்ணெய் விட்டு, குறடால் பிடித்து
இப்படிக் கொஞ்சம், அப்படிக் கொஞ்சம்
முக்கால் மணி நேரம்.
கடைசியில் பளக்கென்று வந்தது,
புளி பிசைந்த நிறத்தில் ஏதோ ஒட்டிக்கொண்டு.
ரப்பர் பூட்டோ
ஊறிய அப்பம் மாதிரி உப்பிக் கிடந்தது.

சாதா கிரீஸ்.
வீல் பேரிங்குக்கு வைப்பதை
இங்கே வைத்தால் ரப்பர் ஊதும், பின் சிக்கும்.
வைத்தது யார் என்று கேட்க வேண்டியதில்லை.
அந்தச் சிவப்பு டப்பா இன்னும் அலமாரியில் இருக்கிறது.
தீபாவளிக்கு முந்தின நாள்,
இது போதும் என்று
வைத்தது நான்தான்.

அப்புறம்தான் ஞாபகம் வந்தது,
தை மாதம் கிடாவெட்டுப் பந்தியில்
அத்தனை பேர் முன்னாலும்
கணக்கு நோட்டை விரித்து நான் வாசித்தது.
முத்துராக்கு இலையை மூடிவிட்டு எழுந்தான்.
கறி அப்படியே இருந்தது.

இருதயராஜ் ஷட்டரைப் பாதி தூக்கி
பேடு செட்டும் பூட் கிட்டும்
சிலிக்கான் கிரீஸ் பொட்டலமும் கொடுத்தார்.
ஈர்க்குச்சியில் துணி சுற்றித் துளையைத் துடைத்தேன்.
பச்சை நாரால் பின்னைத் தேய்த்தேன்.
கிரீஸ் கொஞ்சம்தான்.
தாராளமாய் அப்பினால்
உள்ளே காற்று அடைத்துக்கொண்டு பின்னை வெளியே துப்பும்.
சுண்டுவிரலால் அழுத்தினேன், போனது.
விட்டேன், நின்றது.
வலது பக்கத்தையும் பிரித்து அதே வேலை.

பன்னிரண்டே கால்.
கிளம்பும் முன் பிரேக்கை மிதித்தேன்.
முதல் மிதி தரைவரை போனது.
இரண்டாவது பாதி.
மூன்றாவது கல்லாய் நின்றது.
ஆள் இல்லாத ரோட்டில் கல்லல்வரை போய்த் திரும்பி
மறுபடி உள்ளங்கையைக் காட்டினேன்.
முன்னிரண்டும் ஒரே சூடு.

நோட்டை எடுத்தேன்.
பேடு ஆயிரத்து நானூறு.
பூட் கிட் நூற்று எண்பது.
கிரீஸ் அறுபது.
அவன் பங்கு பாதி என்று கோடு போடப் போய்
முழுசையும் என் பக்கமே எழுதினேன்.
காரணம் என்ற இடத்தில்: தப்பான கிரீஸ்.

தவணை வேறு கணக்கு.
அதை விடுவதாய் இல்லை.